ஆனி, ஆடியில் பிக்அப் மைலேஜ் ஏன் இறங்குகிறது? இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அண்ணாச்சி, மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களக்காட்டில் ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தார் ஏற்றி, ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போய் இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்புகிற பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) பொலேரோ பிக்அப். தை, மாசியில் லிட்டருக்கு 12.5 கி.மீ. கொடுத்த வண்டி, ஆனி பிறந்ததும் 10.5-க்கு வந்துவிட்டது. மெக்கானிக் நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஸ்டார்ட்டிங் ஒழுங்காக இருக்கிறது, புகை இல்லை, இழுக்கும் திறன் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்ஜெக்டர் போன வண்டி இந்த மூன்றில் ஒன்றிலாவது காட்டிக்கொடுக்கும். உங்கள் வண்டியில் மாறியிருப்பது மாதம். ஆனியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்குகிறது. பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்றை எதிர்த்துத்தான் நீங்கள் தார் லோடோடு போகிறீர்கள்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது வரும் தடை. இது எடையைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. நல்ல ரோட்டில், சரியான காற்றடைப்பில், மொத்த எடையில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வண்டியும் லோடும் சேர்ந்து 3.3 டன் என்று வைத்தால் 36 கிலோ இழுவை. இரண்டாவது காற்றுத்தடை. இது முகப்பின் பரப்பையும் வடிவத்தையும், காற்றை வண்டி சந்திக்கும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கேபினுக்கு மேல் எழும்பிய தார் லோடு, 60 கி.மீ. வேகம், காற்றே இல்லாத நாள் என்றால் சுமார் 43 கிலோ. மொத்தம் 79 கிலோ இழுவையை இன்ஜின் சமாளிக்க வேண்டும்.

இப்போது எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கட்டும். சீசனில் அந்தப் பக்கம் இது சாதாரணம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும். வண்டி சந்திக்கும் காற்றோ 85. அறுபதின் வர்க்கம் 3600, எண்பத்தைந்தின் வர்க்கம் 7225. காற்றுத்தடை சரியாக இரண்டு மடங்கு. 43 கிலோ 86 ஆகிறது, மொத்த இழுவை 79-லிருந்து 122 ஆகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே, அந்தச் சாலைத் துண்டுக்கு மட்டும் டீசல் பாதிக்கு மேல் கூடுகிறது.

“திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா?” என்று பலரும் கேட்பார்கள். ஆகாது. காலி வண்டி ஏற்கெனவே லேசானது, தாழ்வானது. அதை 60-ல் ஓட்ட, காற்று இல்லாத நாளில் 48 கிலோ இழுவை போதும். பின்காற்றில் அது 29 ஆகும். லாபம் 19 கிலோ. போகும்போது நட்டம் 43 கிலோ. போய்வந்த கணக்கைக் கூட்டினால் 127 இருந்த இடத்தில் 151, அதாவது 19 சதவீதம் கூடுதல். 12.5-ஐ 1.19-ஆல் வகுத்துப் பாருங்கள்: 10.5. வழி முழுக்கக் காற்று நேர் எதிரே அடிப்பதில்லை. களக்காட்டிலிருந்து வள்ளியூர் வரை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வாங்கும். ஆனால் உயரமான லோடில் பக்கக்காற்றும் இழுவையைக் கூட்டத்தான் செய்யும். ஆகவே உங்கள் மைலேஜில் குறைந்த அந்த 2 கி.மீ.-ல் பெரும்பங்கு காற்றுக்குப் போகிறது. மிச்சம் ஏதாவது இருந்தால் அதை வண்டியில் தேடலாம்.

இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான், அதுவும் காற்று எதிர்க்கும் துண்டில் மட்டும். பணகுடி தாண்டியதிலிருந்து ஆரல்வாய்மொழி கழியும்வரை 60-க்குப் பதில் 50-ல் போனால், 25 கி.மீ. எதிர்காற்றில் மொத்த இழுவை 122-லிருந்து 103 கிலோவாக இறங்கும். இப்படி எதிர்காற்று உள்ள தூரம் 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ அரை லிட்டர் மிச்சம், கூடுதலாக ஆகும் நேரம் 6 நிமிடம். அதே இடத்தில் 75-ல் மிதிப்பவர்கள் அந்த அரை லிட்டரோடு இன்னும் முக்கால் லிட்டருக்கு மேல் காற்றில் விடுகிறார்கள். திரும்பும்போது காலி வண்டி, பின்காற்று. அப்போது 60, 65 போவதில் தவறில்லை. எல்லா இடத்திலும் ஒரே வேகம் என்று வைத்துக்கொள்வதைவிடக் காற்றைப் பார்த்து வேகம் வைப்பவருக்குத்தான் டீசல் மிஞ்சும். தாருக்கு அவசரம் இல்லாத நாளில் விடியுமுன்பே அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள். தரையோடு ஒட்டிய காற்று வெயில் ஏறிய பிறகுதான் வலுக்கும். உயரமான லோடை முப்பந்தலில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும்போது 50-ல் இருப்பது உயிருக்கும் நல்லது.

அடுத்து லோடின் உருவம். நான் மேலே போட்ட கணக்கில் காற்றுத்தடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தார்களால் வருவது. கேபின் கூரையிலிருந்து லோடு செங்குத்தாக ஒரு முழம் எழும்பி நின்றால், அந்தச் சுவரில் காற்று நேராக மோதுகிறது. முன்வரிசையைக் கேபின் மட்டத்துக்கு வைத்து, பின்னால் போகப்போக உயர்த்தி அடுக்குங்கள். மொத்தத் தார் எண்ணிக்கை அதேதான், முகம் மட்டும் சரிவாகிவிடும். தார்ப்பாய் போடுகிறீர்கள் என்றால் படபடவென்று அடிக்காதபடி நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். ஓடும்போது கண்ணாடியில் பாருங்கள்: தார்ப்பாய் பலூன் மாதிரி உப்பி அடித்தால் முன்விளிம்பு வழியாகக் காற்று உள்ளே போகிறது. முன்பக்கக் கயிறை கேபினுக்குப் பின்னால் உள்ள கம்பியில் தாழ்த்திக் கட்டினால் நின்றுவிடும். திரும்பும்போது கழற்றக்கூடிய உயரச் சட்டம், பைப், மடித்த தார்ப்பாய் எல்லாவற்றையும் தொட்டிக்குள் படுக்கப் போட்டுவிடுங்கள். காலி வண்டியில் நிமிர்ந்து நிற்கும் சட்டத்துக்கு வாடகை தருவது நீங்கள்தான்.

இனி அளவு எடுக்கும் முறை. 12.5, 10.5 என்று சொன்னீர்கள்; எத்தனை லிட்டர் போட்டு எடுத்த கணக்கு என்று சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் மைலேஜில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் போகும். டேங்க் நிரப்பும்போது நுரை, வண்டி நிற்கும் சாய்வு, நாசில் எந்த இடத்தில் கட் ஆகிறது, இவற்றால் அரை லிட்டர் வித்தியாசம் எளிதாக வரும். 8 லிட்டர் கணக்கில் அரை லிட்டர் என்பது 6 சதவீதப் பிழை. 45 லிட்டர் கணக்கில் அது ஒரு சதவீதம்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் திசையும் ஒன்றே. தரை சமமாக இருக்க வேண்டும். நாசில் முதல்முறை தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டு ரூபாய்க்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற விடாதீர்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். கால் டேங்க் மிச்சம் இருக்கும்வரை ஓட்டி, அதே இடத்தில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய மொத்தக் கிலோமீட்டரைப் போட்ட மொத்த லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று நிரப்பு எடுத்து மூன்றையும் கூட்டி ஒரே கணக்காகப் போட வேண்டும். போகும்போது 10, வரும்போது 15, ஆகவே சராசரி 12.5 என்று போடுவது தப்பு. சம தூரத்துக்கு 10-ம் 15-ம் சேர்ந்தால் 12-தான் வரும். ஒவ்வொரு நிரப்புக்கும் பக்கத்தில் லோடு எவ்வளவு, காற்று எப்படி, மழையா என்று மூன்று சொல் எழுதி வையுங்கள். அடுத்த தையில் அந்தக் காகிதம் மெக்கானிக்கைவிட நன்றாகப் பேசும்.

பங்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகம் இருந்தால் மனதில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் அனுமதி உண்டு. விடியக்காலையில் போட்டால் டீசல் அடர்த்தியாகக் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி அலைய வேண்டாம். டீசல் 10 டிகிரி வெப்பத்துக்கு ஒரு சதவீதம்கூட விரிவதில்லை, தரைக்கடியில் உள்ள தொட்டியின் வெப்பமோ காலைக்கும் மத்தியானத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை.

ஓடோமீட்டரும் பொய் சொல்லும், அதற்குக் காரணம் டயர். சுமார் 70 செ.மீ. விட்டமுள்ள டயரில் 7 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 14 மி.மீ. குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் 2 சதவீதம் அதிகமாகச் சுற்றும், மீட்டரும் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மொட்டை டயரில் மைலேஜ் நன்றாக வந்ததாகத் தோன்றுவதும், புது டயர் போட்டதும் இறங்கியதாகத் தோன்றுவதும் பாதி இதனால்தான். மீதிப் பாதி உண்மை: புது டயரின் தடித்த பட்டன் உருளும்போது அதிகம் நெளிகிறது, தடையும் கொஞ்சம் கூடுதல். வைகாசியில் டயர் மாற்றியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஜிபிஎஸ் செயலியைப் போட்டு நாற்கரச் சாலையில் 20 கி.மீ. ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்று ஒரே தடவையில் தெரிந்துவிடும். கம்பெனி அளவை விட்டு வேறு அளவு டயர் போட்ட வண்டிக்கு இந்தச் சோதனை இல்லாமல் மைலேஜ் பேசவே கூடாது.

இதெல்லாம் கழித்த பிறகும் ஐந்து சதவீதத்துக்கு மேல் இடித்தால் வண்டியைப் பாருங்கள். செலவு குறைந்ததில் தொடங்கி மேலே போக வேண்டும்.

டயர் காற்று. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும், லோடுக்கும் காலிக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பவுண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றில்தான் லோடு ஏறும். பின்டயர் பத்து பவுண்டு குறைவாக ஓடினால் டீசலில் இரண்டு மூன்று சதவீதம் போகும், டயரின் இரண்டு ஓரமும் தின்றுபோகும்.

பிரேக் பிடிப்பு. மைலேஜ் புகாரோடு வரும் வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத குறை இது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக் மிதிக்காமல் சமதளத்தில் தானாக உருண்டு நிற்க விடுங்கள். உடனே இறங்கி நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங் இறுகியிருக்கிறது. முன்சக்கரத்தில் பிரேக் கட்டையை அழுத்தும் காலிபர் வழுக்கி நகரும் கம்பி, கிரீஸ் வறண்டு இறுகுவது வழக்கமான காரணம். ரப்பர் உறை கிழிந்து சாரல் தண்ணீர் போனால் சீக்கிரமே வரும். பின்சக்கரத்தில் டிரம் லைனிங்கை ரொம்ப இறுக்கி வைத்திருப்பார்கள், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நிற்கும். ஜாக்கி போட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசல் சத்தம் கேட்கும். இன்னும் எளிய சோதனை: காலி வண்டியைச் சிமெண்டுத் தரையில் நியூட்ரலில் விட்டு இரண்டு பேர் தள்ளினால் உருள வேண்டும். மூன்று பேர் மூச்சுப்பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் எங்கோ பிடிக்கிறது. அதோடு வீல் அலைன்மெண்டையும் பார்த்துவிடுங்கள். முன்டயரில் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுவழுப்பு, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பம் மாதிரி இடித்தால் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், மாறியிருக்கிறது.

தெர்மோஸ்டாட். நம் பக்கம் வெயில் ஊர் என்று சொல்லி, இன்ஜின் சூடாகாமல் இருக்க இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது மைலேஜுக்கு நேரடி எதிரி. டீசல் இன்ஜின் 80 முதல் 90 டிகிரியில் இருக்கும்போதுதான் ஆயில் இளகி ஓடும், எரிதலும் முழுமையாகும். வால்வு இல்லாத வண்டி சாரல் மாதங்களில், மழையில், சமவெளியில் 60, 65 டிகிரியைத் தாண்டாமலே ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு அதற்கேற்ப டீசலை விடும். பிஎஸ்-6 வண்டியில் இன்னொரு கேடும் உண்டு: டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளத் தேவையான சூடு கிடைக்காமல் கரி சேர்ந்துகொண்டே போகும். சோதிப்பது சுலபம். குளிர்ந்த இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் ஹோஸ் சில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளே வால்வே இல்லை. புது வால்வின் விலை ஒரு இன்ஜெக்டர் விலையில் சிறு பங்குகூட வராது.

காற்று வழி. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு நகம் அகலத்துக்குக் கிழிசல் இருந்தாலும் இழுக்கும் திறன் குறையும், டிரைவர் தன்னையறியாமல் கூடுதலாக மிதிப்பார். ஹோஸின் அடிப்பக்கமும் கிளாம்ப் இருக்கும் இடமும்தான் முதலில் விரியும். அங்கே ஆயிலும் தூசியும் குழம்பிக் கறுப்பாகப் படிந்திருந்தால் துடைத்துவிட்டு விரித்துப் பாருங்கள். லோடில் மூன்றாம் கியரில் மிதிக்கும்போது புஸ்ஸென்ற சத்தம் வந்தால் அநேகமாக இதுதான்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போ டீசலில் ஃபில்டர் அடைப்பு முதலில் இழுக்கும் திறனில்தான் தெரியும். மைலேஜில் பலர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் தராது. ஆனால் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் கல்குவாரி ரோடுகளிலும் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்துச் சுத்தம் செய்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அதன் வழியாகப் போகும் மணல் டர்போவையும் பிஸ்டனையும் தின்னும். டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள தண்ணீர் வடிப்பானை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து விடுங்கள்.

டிபிஎஃப் சுத்திகரிப்பு நடக்கும்போது, கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. அதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைச் செலவழிக்கும். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி டவுனுக்கும் இடையிலேயே சுற்றும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வந்து, பாதியில் வண்டியை அணைப்பதால் மறுபடி மறுபடி தொடங்கும். உங்களுடையது நீண்ட ஓட்டம், ஆகவே பெரிய தொந்தரவு இருக்காது. ஆயில் மட்டம் தானாக ஏறுகிறதா என்று மட்டும் டிப்ஸ்டிக்கில் பாருங்கள். ஏறினால் டீசல் ஆயிலில் கலக்கிறது, சுத்திகரிப்பு அளவுக்கு மீறி நடக்கிறது என்று அர்த்தம். ஆயிலும் கம்பெனி சொன்ன தரத்தில், சாம்பல் குறைவான வகையாகத்தான் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றியது மிச்சம் இருக்கிறது என்று கெட்டியான ஆயிலை ஊற்றினால் உராய்வும் கூடும், டிபிஎஃப்-உம் சீக்கிரம் அடைக்கும்.

ஓட்டும் முறையில் இரண்டே விஷயம். 3.3 டன் வண்டியை நின்ற இடத்திலிருந்து 60-க்குக் கொண்டுவர, மற்றத் தடைகளைக் கழித்தாலும், 40 மில்லிக்கு மேல் டீசல் வேண்டும். ஒவ்வொரு முறை பிரேக் மிதித்து நிறுத்தும்போதும் அந்த 40 மில்லி சூடாகக் கரைகிறது. ஏர்வாடி, வள்ளியூர் வேகத்தடைகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாததா? நூறு மீட்டருக்கு முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, கியரிலேயே உருண்டு வந்து ஏறுங்கள். கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் டீசல் முழுதாக நிற்கும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் உருட்டினால் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். அதாவது இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் ஆவதற்குப் பதில் செலவுதான் ஆகும். செங்கோட்டை தாண்டிக் கேரளா போகும் வண்டிகள் புளியரை எஸ் வளைவில் இதைச் செய்வது டீசலுக்காக உயிரைப் பணயம் வைப்பது. தாங்குவதற்கு இன்ஜின் இல்லாமல் பிரேக் மட்டும் வேலை செய்து, சூடேறி, பிடிக்காமல் போகும். இரண்டாவது, மார்க்கெட் வாசலில் ஓடவிட்டபடி நிற்பது. இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் ஐடிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்கும். எடை போடக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் உங்கள் கணக்கில் ஏழு கிலோமீட்டரைச் சாப்பிடுகிறது.

டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து, இவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பது இன்னும் மோசம். உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் ஆயில், அந்த வழவழப்பு போனால் பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். டிபிஎஃப்-ஐ அறுத்தெடுத்து ரீமேப் (ஈசியுவின் கணக்கை மாற்றுவது) செய்து தருகிறோம் என்பவர்களிடமும் போக வேண்டாம்.

கம்பெனி விளம்பரத்தில் வரும் மைலேஜோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டியதில்லை. அது காற்றே இல்லாத அறைக்குள், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, குறித்த வேகப் பட்டியல்படி ஓட்டி எடுப்பது. அங்கே தார் லோடும் இல்லை, மேல்காற்றும் இல்லை. உங்களுக்கு உதவும் கணக்கு வேறு: ஒரு லிட்டருக்கு எத்தனை டன்-கிலோமீட்டர் சரக்கு நகர்ந்தது? ஒன்றரை டன் தார், போகவர மொத்தச் சராசரி 10.5 என்றால், பாதித் தூரம் காலி ஆகையால் லிட்டருக்கு 7.9 டன்-கிலோமீட்டர்தான். திரும்பும் வழியில் அரை டன் சரக்கு கிடைத்து மைலேஜ் 10.2 ஆக இறங்கினாலும் இது 10.2 டன்-கிலோமீட்டராக ஏறிவிடும். இன்ஜினில் செய்யும் எந்த வேலையும் இந்த அளவுக்குத் தராது.

இதே கணக்கைக் காட்டித்தான் சிலர் ஓவர்லோடு ஏற்றுகிறார்கள். சமவெளியில் 500 கிலோ கூடினால் டீசல் நாலைந்து சதவீதம்தான் கூடும் என்பது உண்மை. ஆனால் அனுமதித்த எடையைத் தாண்டினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றத்தில் கணக்கே மாறிவிடும்: 3.3 டன் வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் ஏறவும் கால் லிட்டருக்கு மேல் தனியாகக் கேட்கும், எடை கூடக்கூட அதுவும் நேராகக் கூடும்.

இத்தனைக்கும் பிறகு இன்ஜெக்டர் மேல் சந்தேகம் மிஞ்சினால், மாற்றும் முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஸ்கேனர் மாட்டி, ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு கொடுக்கும் திருத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலும் சைபரை ஒட்டி இருந்தால் இன்ஜெக்டர்கள் சமமாகத்தான் வேலை செய்கின்றன. அடுத்தது ரிட்டர்ன் சோதனை: நாலு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் கழற்றி நாலு சிறு பாட்டிலில் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு மட்டத்தைப் பார்ப்பது. ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பியிருந்தால் அந்த ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்து, சரிசெய்ய முடியுமா, மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். புதிது போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஈசியுவில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் ஐடில் நடுங்கும், புகை வரும், மைலேஜும் இறங்கும்; அப்போது அடுத்த பழி பம்ப் மேல் விழும். நாலு பாட்டிலும் சமமாக நின்றால் பணத்தை வைத்துக்கொண்டு, ஐப்பசியில் காற்று திரும்பிய பிறகு மூன்று நிரப்பு எடுத்துப் பாருங்கள் அண்ணாச்சி.